திரும்பிப் போன கப்பல்

எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கப்பலின் பெயர் எனக்கும் பாட்டு வழியாகத்தான் வந்தது. கனடியப் பாடகர் கார்டன் லைட்ஃபுட் 1976-இல் பாடியது. கேட்கிறவருக்குக் கடல் விபத்து மாதிரிதான் தோன்றும். ஆனால் நடந்தது ஏரியில். 1975 நவம்பர் 10 இரவு, 729 அடி நீளக் கப்பல் ஏறக்குறைய 26,000 டன் இரும்புத்தாது உருண்டைகளோடு சுப்பீரியர் ஏரியில் மூழ்கியது. 29 பேர். ஒருவர்கூடத் தப்பவில்லை.

எனக்கு இப்போது அதன் பின்னால் வந்த ஆர்தர் எம். ஆண்டர்சன்தான் அதிகம் ஞாபகத்துக்கு வருகிறது. ஃபிட்ஸ்ஜெரால்டின் ரேடார்கள் பழுதாகிவிட்டதால், ஆண்டர்சன்தான் அதற்கு ரேடியோவில் வழி சொல்லிக்கொண்டு வந்தது. இரவு ஏழு மணி தாண்டி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அவ்வளவுதான். பிறகு ரேடாரில் அந்தப் புள்ளி இல்லை.

ஆண்டர்சன் ஒயிட்ஃபிஷ் விரிகுடாவின் பாதுகாப்புக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அப்போதுதான் கடலோரக் காவல்படை ரேடியோவில் கேட்டது: திரும்பப் போய்த் தேட முடியுமா? கேப்டன் பெர்னி கூப்பர் அதே புயலுக்குள் கப்பலைத் திருப்பினார். ஃபிட்ஸ்ஜெரால்டின் உயிர்காப்புப் படகுகள் கிடைத்தன. ஆள் யாரும் கிடைக்கவில்லை.

கேப்டன் சம்மதித்தார் என்பது வரலாற்றில் இருக்கிறது. இன்ஜின் அறையில் இருந்தவனை யாராவது கேட்டிருப்பார்களா? கப்பல் திரும்பினால் அவனும் திரும்பவேண்டியதுதான்.

இந்த ஏரிக் கப்பல்களில் வேலை இன்றும் ஓய்வதில்லை. மினசோட்டாவின் தாது, தெற்கே உள்ள எஃகு ஆலைகளுக்குப் போகவேண்டும். சுப்பீரியரின் நீர்மட்டம் அடுத்த ஏரியைவிட 21 அடி உயரம் என்பதால், சூ லாக் என்ற நீர்வாயிலில் கப்பலைத் தண்ணீரோடு சேர்த்து இறக்குகிறார்கள். ஜனவரி 15-இல் அதை மூடினால் மார்ச் 25-இல்தான் திறப்பார்கள். பனிக்காலம் முழுக்க ரிப்பேர். கப்பலின் அடியிலேயே கன்வேயர் பெல்ட் இருப்பதால் சரக்கு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். கரையில் கால் நீட்டி உட்கார ஏது நேரம்? டெட்ராய்டில் கடிதம்கூட ஓடும் கப்பலுக்குத்தான் வரும். வெஸ்ட்காட் என்ற தபால் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வர, மேலிருந்து கயிற்றில் வாளி இறக்குவார்கள். அந்தப் படகுக்கென்றே 48222 என்று தனி அஞ்சல் குறியீடு.

கடல் கப்பல்களை உப்பு அரிக்கும். அவை 25, 30 வருடத்தில் உடைக்கப் போய்விடும். நன்னீர் அப்படி அரிக்காது. 1952-இல் ஏரியில் இறங்கிய ஆண்டர்சன் 70 வயது தாண்டியும் சரக்கு சுமந்தது. மூழ்கியிருந்தால் அதற்கும் ஒரு பாட்டு கிடைத்திருக்குமோ என்னமோ.

அன்றிரவு புயலுக்குள் திரும்பியபோது அதன் வயிற்றிலும் இரும்புத்தாதுதான் இருந்தது. இண்டியானாவின் கேரி நகரத்துக்குப் போகவேண்டிய சரக்கு. தேடி முடித்த பிறகு அதைக் கொண்டுபோய் இறக்கவேண்டிய வேலை அவர்களுக்கு மிச்சம் இருந்தது.