மரமில்லாத நாட்டில் மத்தேயு

வீட்டில் உலகப் படம் இருந்தால் கொஞ்சம் விரித்து வையுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளின் பூகோளப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் உச்சியில், கனடாவுக்குக் கிழக்கே, வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய தீவு தெரியும். அதுதான் கிரீன்லாந்து. நம் மலேசியாவைப் போல ஆறு மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் அங்கு வாழும் மக்கள் ஏறக்குறைய 56,000 பேர்தான்.

கிரீன்லாந்து என்றால் பச்சை நாடு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே போய்க் குடியேறிய எரிக் என்ற வடநாட்டுத் தலைவன், நல்ல பெயராக வைத்தால் ஆட்கள் வருவார்கள் என்று வைத்த பெயராம் அது. ஆள் பிடிக்க வந்தவர்களின் பேச்சு எப்படி இருக்கும் என்று நம் பாட்டன் பாட்டிமாருக்கும் தெரியும்! உண்மையில் அந்தத் தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலத்தைப் பனிக்கட்டி மூடிக்கிடக்கிறது. சில இடங்களில் அதன் கனம் மூன்று கிலோமீட்டர். மனிதர்கள் வாழ்வதெல்லாம் கடலோரத்துப் பாறை விளிம்பில்தான்.

அந்த விளிம்பில், மேற்குக் கரையில் இருக்கும் நூக் என்ற ஊருக்குத்தான் உங்களை அழைத்துப் போகிறேன். இன்று அது தலைநகரம். நாம் போவது அதன் முந்நூறு ஆண்டுக்கு முந்திய நாட்களுக்கு. டேனிஷ்காரர்கள் அப்போது அந்த இடத்தை கோட்ஹோப் என்று அழைத்தார்கள். நன்னம்பிக்கை என்று பொருள். டிசம்பர் மாதத்தில் அங்கே சூரியன் மிகவும் தாமதமாக எழுந்து, சில மணி நேரத்திலேயே படுத்துவிடும். ஜனவரியில் இன்றுகூடச் சராசரிக் குளிர் உறைநிலைக்குக் கீழே எட்டு டிகிரிக்கு இருக்கிறது. கேமரன் மலையில் போர்வைக்குள் நடுங்கியவர்கள் அந்தக் குளிரோடு இதை ஒப்பிட வேண்டாம், கிட்டவே வராது.

குளிரைவிட எனக்கு வியப்பானது வேறொன்று. அங்கே மரம் இல்லை. மரத்தின் நடுவிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்காது. அடுப்புக்கு விறகில்லை, கூரைக்கு உத்தரமில்லை, படகுக்குப் பலகையில்லை. சைபீரியாவின் ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் மரக்கட்டைகள் கடலில் ஆண்டுக்கணக்காக மிதந்து, எப்போதாவது அந்தக் கரையில் ஒதுங்கும். அதுதான் அவர்களுக்குக் கிடைத்த மரம்.

அப்படியிருந்தும் அங்கே மக்கள் பல நூறு ஆண்டுகளாக நன்றாகவே வாழ்ந்தார்கள். வெளியுலகம் அவர்களை எஸ்கிமோக்கள் என்றது; அவர்கள் தங்களைக் கலாஅல்லித் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பனிக்கட்டியில் வீடு கட்டுவார்கள் என்று நாம் படித்திருப்போம். நூக் பக்கத்தில் குளிர்கால வீடு கல்லாலும் புல் வேரோடு வெட்டிய மண் கட்டியாலும் ஆனது. ஒரே வீட்டில் பல குடும்பங்கள் இருக்கும். நம்முடைய பழைய லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் சுவர் கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கல்லில் குடைந்த விளக்கு ஒன்று. சீல் என்னும் கடல்நாயின் கொழுப்புதான் எண்ணெய், பாசிதான் திரி. அதுவே வெளிச்சம், அதுவே அடுப்பு. சீலின் இறைச்சி உணவு. தோல் உடையும் படகும் கோடைக்காலக் கூடாரமும். சீல் கிடைத்தால் எல்லாம் உண்டு. கிடைக்காத வாரத்தில் விளக்கும் அணைந்துவிடும்.

இந்தக் கரைக்கு 1721இல் ஹன்ஸ் எகடே என்ற நார்வேப் பாதிரியார், மனைவி கெர்ட்ரூடோடும் நான்கு குழந்தைகளோடும் வந்து இறங்கினார். அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். அந்தப் பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடிக்குச் சீகன்பால்குவை அனுப்பியவரும் அதே மன்னர்தான். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவும், பனிக்கட்டி ஓரத்தில் குடிசை போட்ட எகடேயும் கோபன்ஹேகனில் இருந்த ஒரே மிஷன் சபையின் கீழ் வேலை செய்தவர்கள். ஒருவருக்கு வெயில், மற்றவருக்குப் பனி.

ஆனால் இன்று நம் கதை எகடேயைப் பற்றியதன்று. அவருக்குப் பின்னால், 1733இல் வந்த ஓர் இளைஞனைப் பற்றியது. பெயர் மத்தேயுஸ் ஸ்டாக். நாம் மத்தேயு என்றே சொல்வோம். வயது 22.

மத்தேயு படித்துப் பட்டம் பெற்ற பாதிரியார் அல்லர், கூலி வேலை செய்த பிள்ளை. இன்றைய செக் நாட்டில் இருக்கும் மொராவியாவில் பிறந்து, சமயக் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனிக்கு ஓடிவந்தவர்களோடு ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் சேர்ந்தவர். அங்கே புதிய இடுகாட்டில் மண் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த நண்பனிடம் கிரீன்லாந்துக்குப் போகும் ஆசையைச் சொன்னாராம். 1733 ஜனவரியில், நடுக் குளிர்காலத்தில், மத்தேயுவும் அவருடைய உறவினர் கிறிஸ்டியன் ஸ்டாக்கும், வழித்துணையாகக் கிறிஸ்டியன் டேவிட் என்ற வயதில் மூத்த தச்சரும் கோபன்ஹேகனுக்குப் புறப்பட்டார்கள். கையில் பெரிய பணம் ஒன்றும் இல்லை.

கோபன்ஹேகனில் அரண்மனை அதிகாரியான பிளெஸ் பிரபு இவர்களைக் கூப்பிட்டு, அங்கே போய் எப்படிப் பிழைப்பீர்கள் என்று கேட்டார். நிலத்தைக் கொத்திப் பயிர் செய்வோம், வீடு கட்டிக்கொள்வோம் என்றார்கள். அங்கே மரமே இல்லையே என்றார் பிரபு. அப்படியானால் மண்ணைத் தோண்டி அதற்குள் இருந்துகொள்வோம் என்றார்கள். பிரபுவுக்குச் சிரிப்பதா இரங்குவதா என்று தெரிந்திருக்காது. வேண்டாம், மரத்தை இங்கிருந்தே கொண்டுபோங்கள் என்று பணம் கொடுத்தார். வீட்டுக்கான மரம் கப்பலில் ஏறியது. மே 20ஆம் தேதி கோட்ஹோப்பில் இறங்கினார்கள்.

இறங்கிய பிறகுதான் பாடம் தொடங்கியது. பயிர் செய்யும் நிலம் அதுவல்ல. சீல் வேட்டை தெரியாது. கயாக் எனப்படும் ஒற்றையாள் தோல் படகில் உட்காரப் பழகாதவன் கவிழ்வான். அந்தத் தண்ணீரில் கவிழ்ந்தவன் சில நிமிடங்களில் விறைத்துப்போவான். ஆறு ஏழு வயதுப் பையனுக்குக் கிரீன்லாந்துத் தாய் தகப்பன்மார் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் வேலைகள் இந்த வளர்ந்த ஆண்களுக்குத் தெரியவில்லை.

மொழியோ அதைவிடப் பெரிய மலை. பாதிரியார் எகடே தாம் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பெருந்தன்மையோடு கொடுத்தார். ஆனால் அவை டேனிஷ் மொழியில் இருந்தன. ஆகவே கிரீன்லாந்து மொழி படிக்க முதலில் டேனிஷ் படிக்க வேண்டும். அதற்கும் முன்னால், எழுவாய் பயனிலை வேற்றுமை என்றால் என்ன என்று படிக்க வேண்டும். ஏனென்றால் இவர்கள் வாழ்நாளில் இலக்கணப் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. கிரீன்லாந்து மொழியில் நம் தமிழைப் போலவே வேர்ச்சொல்லோடு விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும். ஒரு முழு வாக்கியமே ஒரே சொல்லாக நீண்டுவிடும். மண்வெட்டி பிடித்த கைகள், சீல் கொழுப்பு விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் அந்தச் சொற்களை எழுதிப் பழகியதை நினைத்துப் பார்க்கிறேன். வயதுவந்தோர் வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு அந்த வேர்வை புரியும்.

அந்த முதல் குளிர்காலம் வெறும் குளிரோடு போகவில்லை. டென்மார்க்குக்கு அழைத்துப் போகப்பட்டிருந்த ஒரு கிரீன்லாந்துச் சிறுவன் 1733இல் கப்பலில் ஊர் திரும்பினான். அவனோடு பெரியம்மையும் வந்து இறங்கியது. அந்த நோயை அதுவரை அறியாத உடம்புகள். செப்டம்பரில் பற்றியது அடுத்த கோடை வரை ஓயவில்லை. அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். எகடேயும் இந்த இளைஞர்களும் தீவு தீவாகப் போனபோது, பல வீடுகளில் பிணங்களைத் தவிர யாருமில்லை.

ஒரு தீவில் மட்டும் அம்மை கண்ட ஒரு சிறுமியும் அவளுடைய சின்னத் தம்பிகள் மூவரும் உயிரோடு இருந்தார்கள். அவர்களுடைய தகப்பன் அந்தத் தீவில் இறந்த எல்லாரையும் புதைத்துவிட்டு, தனக்கும் நோய் முற்றியதும், நோயுற்ற கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு கல்லால் கட்டிய குழிக்குள் தானே இறங்கிப் படுத்தான். மேலே தோலும் கல்லும் போட்டு மூடச் சொன்னான் மகளிடம். அதற்கு முன், பிள்ளைகள் சாப்பிடுவதற்கென்று சீல் இறைச்சியையும் உலர்ந்த மீனையும் எடுத்துவைத்து, வெள்ளைக்காரர்கள் வரும்வரை இதை வைத்துப் பிழையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். எகடே அந்தப் பிள்ளைகளைக் கோட்ஹோப்புக்கு எடுத்து வந்தார். இதைப் படித்த பிறகு நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தேன்.

நோயாளிகளை எகடேயின் மனைவி கெர்ட்ரூட் தம் வீட்டிலேயே கிடத்திப் பார்த்துக்கொண்டார். மத்தேயுவும் தோழர்களும் அதே குளிர்காலத்தில் வேறொரு நோயில் விழுந்தார்கள். கை கால் முடங்கும் ஸ்கர்வி. உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியும் தின்று, வைட்டமின் சி கிடைக்காததால் வருவது. காய்கறியே காணாத கிரீன்லாந்து மக்களுக்கு அது வரவில்லை. திமிங்கிலத் தோலையும் சீல் ஈரலையும் அவர்கள் பச்சையாகத் தின்பார்கள். அதில் அந்தச் சத்து இருக்கிறது. அந்நியர்கள் முகம் சுளித்த உணவுதான் மருந்து. அன்று அது யாருக்கும் தெரியாது. கெர்ட்ரூட் இவர்களுக்கும் தவறாமல் உணவு கொடுத்தனுப்பினார். கிறிஸ்டியன் டேவிட்டுக்கும் எகடேக்கும் வேதக் கொள்கையில் மனக்கசப்பு இருந்தது. அந்த அம்மையாரின் பாத்திரம் அதைப் பார்க்கவில்லை. உழைத்து ஓய்ந்து 1735 டிசம்பரில் அவர் இறந்துபோனார். மறு ஆண்டு எகடே தாய்நாடு திரும்பினார்.

நோய்க்குப் பிறகு அந்தக் கரை வெறிச்சோடியது. தப்பியவர்கள் அந்த இடத்தைச் சாவின் இடமாக நினைத்து அண்டவில்லை. இதற்குள் இடுகாட்டில் மண் வெட்டிய அந்த நண்பர் பிரெடரிக் பேனிஷும், யோஹான் பெக் என்ற இன்னொருவரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

1735இல் இவர்களுக்கென்று ஐரோப்பாவிலிருந்து போதிய உணவு வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வேட்டையும் பொய்த்தது. கிரீன்லாந்து மக்களிடம் சீல் இறைச்சி விலைக்குக் கேட்டார்கள். பலர் கொடுக்க மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் உறவில் பாதியைப் புதைத்தவர்கள், அந்நியன் வந்தால் நோய் வரும் என்று கண்ணால் கண்டவர்கள், எந்தக் கடனுக்காகக் கொடுக்க வேண்டும்? சகோதரர்கள் கரையில் சிப்பி பொறுக்கினார்கள், கடற்பாசியைத் தின்றார்கள். பழைய மெழுகுவத்திக் கொழுப்பைக்கூட விடவில்லை.

அப்போது தெற்கே வெகு தொலைவிலிருந்து முன்பின் அறியாத ஒரு கிரீன்லாந்துக்காரர் படகில் வந்தார். தாம் பிடிப்பதில் மிஞ்சுவதை இவர்களுக்கு விற்பதாகச் சொன்னார். மற்றவர்கள் மறுத்ததை அவர் ஏன் கொடுத்தார் என்பதற்குப் பெரிய காரணம் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. இவர்கள் பசித்திருந்தார்கள், அவரிடம் இருந்தது. போதிக்க வந்த இளைஞன், போதிக்க வேண்டிய மனிதன் கையால் உயிர் பிழைத்தான். இவர்கள் செய்த பிரசங்கத்தை அதுவரை ஒருவரும் ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

1736 கோடையில் வந்த கப்பலில் மத்தேயுவின் தாயாரும் இரண்டு தங்கைகளும் வந்து இறங்கினார்கள். மகனைப் பார்த்ததும் அந்தத் தாய் என்ன நினைத்தாரோ! அதற்குப் பிறகு அந்த வீட்டில் சமைப்பதற்கு ஆள் இருந்தது. 1738இல்தான் கயார்னாக் என்பவர், இவர்கள் வாசித்ததை நின்று கேட்டு, இன்னும் சொல்லுங்கள் என்றார். வந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு முதல் ஆள். மத்தேயு 1771 வரை அந்த நாட்டிலேயே இருந்து, பிறகு அமெரிக்காவின் வட கரோலினாவுக்குப் போய் 1787இல் காலமானார்.

எல்லாம் நன்மையில் முடிந்தது என்று எழுத என்னால் முடியாது. மிஷனைச் சுற்றி மக்கள் கூட்டமாகத் தங்கியதால், சிதறி வாழ்ந்து சீல் தேடிய பழைய முறை கெட்டது. வேட்டைக்கு ஆட்கள் அதிகம், சீல் குறைவு. டேனிஷ் அதிகாரிகளே பின்னாளில் இதைக் குறையாக எழுதினார்கள். 2020இல் நூக்கில் எகடேயின் சிலைமேல் யாரோ சிவப்பு வண்ணம் ஊற்றினார்கள். சிலை இருக்கட்டுமா வேண்டாமா என்று ஊர் மக்களிடம் வாக்குக் கேட்டபோது, இருக்கட்டும் என்றவர்களே அதிகம். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது.

மத்தேயு படிக்கத் திணறிய அந்த மொழி மட்டும் அழியவில்லை. கிரீன்லாந்திலேயே பிறந்த மொராவிய மிஷனரி மகன் சாமுவேல் கிளைன்ஷ்மிட் 1851இல் அதற்கு நல்லதோர் இலக்கணம் எழுதினார். 1861இல் அந்த மொழியில் பத்திரிகை தொடங்கியது. இன்று அதுதான் நாட்டின் ஆட்சிமொழி. மொராவியர்கள் 1900இல் கிரீன்லாந்தை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் 1747இல் கட்டிய பெரிய மரவீடு நூக்கில் இன்னும் நிற்கிறது. மரம் முழுவதும் கப்பலில் போனதுதான். 1987 முதல் 2008 வரை கிரீன்லாந்துப் பல்கலைக்கழகம் அந்த வீட்டில்தான் நடந்தது.