மெதுவாகப் படிக்கும் ஹார்ட் டிஸ்க்கை அவசரப்படுத்தாதீர்கள்

ராஜபாளையம் ஸ்டூடியோக்காரர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க் இப்போது என் மேஜையில். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டப் படங்கள் எல்லாம் அதில்தான். காப்பி வேகம் கிலோபைட்டுக்கு இறங்கிவிட்டது. படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதுதான் காரணம்.

யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றி, நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருளை ஓடவிட்டிருக்கிறேன். நல்ல பகுதிகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டுத்தான் அது கெட்ட இடங்களுக்குத் திரும்பும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் இருந்தால், நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொடுங்கள். விண்டோஸின் செக் டிஸ்க் கருவியை ஓட்டாதீர்கள். பிழைகளைச் சரிசெய்யும்போது அது பழுதான டிஸ்க்கிலேயே எழுதும்.

ஸ்டூடியோ நண்பர்களே, ஊரின் நினைவுகள் உங்களிடம்தான் இருக்கின்றன. இன்றே இன்னொரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.