மாடு குறுக்கே வரவில்லை

மாடு எதுவும் குறுக்கே வரவில்லை. வந்ததாகப் போலீஸிடம் சொன்னேன். ராலி நடத்தியவர்களிடம் சொன்னேன். என் நேவிகேட்டரின் மனைவியிடமும் சொன்னேன். எல்லாம் பொய். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே நான் தூங்கிவிட்டேன்.

அப்போது எனக்குத் தெய்வம் பியர் லெவெக். 1952-இல், பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டால்போ காரை ஏறக்குறைய 23 மணி நேரம் தன்னந்தனியாக ஓட்டியவர். மெர்சிடிஸ் கார்கள் நான்கு சுற்று பின்னால். பந்தயம் முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் என்ஜின் உடைந்தது. வெற்றி மெர்சிடிஸுக்குப் போனது. களைப்பில் கியரைத் தவறாகப் போட்டார் என்பார்கள் சிலர். என்ஜினில் முன்பே கோளாறு என்பார்கள் சிலர். தனியாக ஓட்டினார் என்பதே எனக்குப் போதும். பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். அதில் ரெனே மார்ஷான் வரமாட்டார். அவர்தான் துணை ஓட்டுநர். லெவெக் இடம் கொடுக்காததால் கடைசிவரை பிட்டில் காத்திருந்தவர்.

எங்களுடையது ராத்திரி ராலி. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் நானே ஏற்றினேன். அதற்குப் பிறகு சாதாரண ரோடு. அடுத்த கன்ட்ரோல் பாயின்ட்டுக்கு நேரம் நிறைய இருந்தது. "தம்பி, கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன். நீ கண்ண மூடு" என்றார் நேவிகேட்டர். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார். எரிந்து விழுந்தேன். ரோட்டுக் கோடு அப்போதே எனக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. தெரிந்துதான் மறுத்தேன். ராத்திரி முழுக்க ஒருத்தனே ஓட்டினான் என்று நாலு பேர் பேச வேண்டும். அதில் அவருக்குப் பங்கு போகக் கூடாது. காரணம் இதுதான். வேறு காரணங்களை எனக்கு நானே பல வருஷம் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு சத்தம். ஓரமாக நின்ற லாரியின் பின்னால் காரின் இடப்பக்கம் செருகிக் கிடந்தது. இடப்பக்கம் அவர். மடியில் ரோட் புக்கை விரித்துக் குனிந்திருந்தவர். எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் போயிருந்தது.

அவர் லேத் பட்டறை வைத்திருந்தார். நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை. பட்டறையை விற்றார். விசாரிக்க வந்தவர்களிடம், "மாட்டைக் காப்பாத்தப் போய்த்தான் ஒடிச்சான், நல்ல பையன்" என்று எனக்காகப் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொண்டேன்.

லாரி டிரைவரைப் பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள், விளக்கில்லாமல் நிறுத்தினான் என்று. பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தூங்குவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். வாயைத் திறக்கவில்லை.

இன்று லெ மானில் ஒருவர் மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. எனக்கு விதி எதுவும் தேவைப்பட்டிருக்காது. பக்கத்திலிருந்த மனுஷனே கேட்டார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது தன் காலைப் பற்றி அல்ல. "அந்த லாரிக்காரன்கிட்ட சொன்னியா?" என்றார். அந்த ஆளின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.