யார் கொண்டுவந்த தண்ணி?

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் என்று பேச்செடுத்தாலே, பேக்கரி பெஞ்சில் ஒருவர் 2019 அடிக்கல் படத்தை செல்போனில் காட்டுகிறார். இன்னொருவர் அடுத்து வந்த ஆட்சியின் 2024 ஆகஸ்ட் திறப்பு விழாவைக் காட்டுகிறார். இரண்டும் உண்மைதான். ஆனால் கட்சியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற உண்மையைப் பொறுக்குவது வாதம் ஆகாது.

காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்பும் திட்டம் இது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஆட்சிகள் மாறியும் விவசாயிகளின் கோரிக்கை மாறவில்லை.

நம்மூர்க் குட்டைக்குத் தண்ணி வந்துச்சா? கிணத்துல மட்டம் ஏறுச்சா? இதை விசாரிச்சுட்டுப் பேசுங்க. பதில் தன் கட்சிக்குச் சங்கடமாக இருந்தாலும் அதை அப்படியே சொல்கிறவர்தான் ஊருக்கு வேண்டும்.