வீங்கிய மின்தேக்கியும் விழித்த திரையும்

நுழையும்முன்

பழுதுபட்ட பொருளை எறிந்துவிடுதல் எளிது. அஃது ஏன் பழுதுபட்டது என வினவுதல் அரிது. அவ்வினாவிலிருந்தே அறிவியலும் கைத்தொழிலும் ஒருங்கே வளர்கின்றன. கணினித் திரை ஒன்றின் உள்ளே தோன்றும் நோயையும் அதனைத் தீர்க்கும் முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பூட்டு நகரில் ஒரு பணிமேசை

திண்டுக்கல் என்றவுடன் நினைவுக்கு வருவன மலைக்கோட்டையும் பூட்டும் ஆகும். கைத்திறத்தால் புகழ்பெற்ற திண்டுக்கல் பூட்டு, 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. தேர்ந்த பூட்டுத் தொழிலாளர் திறவாத பூட்டை உடைப்பதில்லை. சாவியை மெல்லத் திருப்பி, உள்ளே எந்தத் தகடு இடறுகிறது என்பதைக் கையுணர்வால் அறிவார். இதே நுட்பம் மின்னணுக் கருவிகளைப் பழுதுநீக்குவோருக்கும் வேண்டும்.

அத்தகைய பழுதுநீக்குநர் ஒருவரின் கடைக்கு, வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து உழவர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். துண்டில் பொதிந்து கொண்டுவந்த கணினித் திரையை மேசைமீது வைத்தார். மகள் கல்லூரியில் கணினி அறிவியல் பயில்பவள். செயல்முறைத் தேர்வுக்குப் பத்து நாள்களே இருந்தன.

“ஐயா, இது தேறாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வெங்காயம் விற்ற பணம் விதைக்கும் உரத்துக்குமே போய்விட்டது” என்றார் தந்தை.

பழுதுநீக்குநர் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. “அம்மா, திரை ஒரேயடியாக அணைந்ததா? மெல்ல மெல்லக் கெட்டதா?” என்று மகளிடம் கேட்டார்.

“முதலில் இரண்டு முறை அழுத்தினால்தான் எரியும் ஐயா. பிறகு படம் தோன்றி இரண்டு நொடியில் மறைந்துவிடும். இப்போது விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது” என்றாள் அவள்.

அவர் தலையசைத்தார். படிப்படியாக மோசமான இக்குறிகள், மின்வழங்கிப் பலகையிலுள்ள மின்தேக்கிகளை ஐயுறச் செய்தன.

குளமும் மின்தேக்கியும்

மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து வேண்டும்போது வழங்கும் உறுப்பே மின்தேக்கி. 1745, 1746ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் உருவான லெய்டன் சாடி இதன் முன்னோடி. மின்தேக்குத்திறனின் அலகாகிய ஃபாரட், மைக்கேல் ஃபாரடேயின் பெயரால் அமைந்தது.

மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. ஆயினும் குளம் நீரைத் தேக்கி, மதகின் வழியே வயலுக்குச் சீராக விடுகிறது. ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை மின்தேக்கியும் அவ்வாறே சீராக்குகிறது. குளம் தூர்ந்தால் கொள்ளளவு குறையும். மதகு அடைபட்டால் நீர் இருந்தும் பாயாது. மின்தேக்கிக்கும் இவ்விரு நோய்களும் உண்டு. தேக்குத்திறன் குறைவது ஒன்று. உள்தடை மிகுவது மற்றொன்று.

இவ்வகை மின்தேக்கியின் உள்ளே அலுமினியத் தகடுகளும், மின்பகுளியில் தோய்ந்த தாளும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வெப்பத்தால் மின்பகுளி உலர்கிறது. சிதைந்தால் வாயு உண்டாகிறது. அவ்வாயு வெளியேறுவதற்காகவே, உருளையின் தலையில் கீறல் இடப்பட்டிருக்கும். தலை வீங்கியிருப்பது உள்ளே அழுத்தம் மிகுந்ததற்கு அடையாளம். 1990களின் இறுதி முதல் சில ஆண்டுகள், மின்பகுளியின் குறைபாட்டால் உலகெங்கும் ஏராளமான கணினிப் பலகைகள் இவ்வாறு பழுதுபட்டன.

வெப்பநிலை 10 பாகை குறைந்தால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. 105 பாகை செல்சியசில் 2,000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி, 85 பாகையில் 8,000 மணி நேரமும், 65 பாகையில் 32,000 மணி நேரமும் உழைக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் எனக் கொண்டால், முன்னது மூன்றாண்டுக்கும் குறைவு. பின்னது ஏறத்தாழ பதினோராண்டு. கோடை வெயில் கடுமையாகக் காயும் திண்டுக்கல் சமவெளியில், திரையின் காற்றுத் துளைகளைத் துணியால் மூடிவைப்பது அதன் ஆயுளைக் குறைப்பதாகும்.

கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் பழுதுநீக்குநர் பலகையைத் தொடவில்லை. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் திருத்தப்படும்போது, முதன்மை மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும். இணைப்பை நீக்கிய பின்னும் அது சிறிது நேரம் நிலைத்திருக்கக்கூடும். உயிருக்கே ஊறு செய்யவல்ல அம்மின்னூட்டத்தை, அவர் தக்க மின்தடையின் வழியே வடித்தார். மல்டிமீட்டரில் சுழி காட்டிய பின்னரே கைவைத்தார். பயிற்சி இல்லாதவர் இதில் இறங்கலாகாது.

1,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட இரு மின்தேக்கிகள் வீங்கியிருந்தன. அதே தேக்குத்திறனும், குறையாத மின்னழுத்தத் தாங்குதிறனும், 105 பாகை வெப்பத் தாங்குதிறனும், குறைந்த உள்தடையும் உடைய புதியவற்றை அவர் தேர்ந்தார். சால்டரிங் அயர்னால் பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, புதியவற்றைப் பொருத்தினார். ஆனால் திரை எரியவில்லை. விளக்கு முன்போலவே மின்னியது.

தந்தையின் முகம் வாடியது. “தேறாது” என்று அவரும் அப்போது சொல்லியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ மின்னூட்டத்தை மீண்டும் வடித்துவிட்டு, உள்தடையை அளக்கும் கருவியால் எஞ்சிய மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கட்டுப்பாட்டுச் சில்லின் அருகே, வெப்பம் உமிழும் தகட்டை ஒட்டி ஒரு சிறிய மின்தேக்கி நின்றது. அதன் தலையில் வீக்கமே இல்லை. எனினும் அதன் உள்தடை மிகுந்திருந்தது. கழற்றி அளந்தபோது, 22 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் 5கூட இல்லை. சில்லைத் தொடங்கி இயக்கும் மின்னாற்றலைத் தாங்க வேண்டிய அது, ஓசையின்றி உலர்ந்துபோயிருந்தது.

“வீங்கியது தன் நோயைத் தானே சொல்லிவிடும், வீங்காததை நாம்தான் கேட்க வேண்டும்” என்றார் அவர். பின்னர்ப் புதிய மின்தேக்கியை மகளின் கையில் தந்து, “எதிர்முனை எது அம்மா?” என வினவினார்.

“வெள்ளைக் கோடு உள்ள பக்கம் ஐயா.”

“மாற்றிப் பொருத்தினால்?”

“சூடேறி வெடித்துவிடும்.”

அவள் பலகையிலுள்ள குறியுடன் பொருத்திக் காட்ட, அவர் பற்றவைத்தார். மூடியை இட்டு மின்னிணைப்புத் தந்தபோது விளக்கு நிலையாக எரிந்தது, திரை விழித்தது. அவர் அரை மணி நேரம் அதனை ஓடவிட்டுப் பார்த்தார். கழற்றிய மூன்று மின்தேக்கிகளையும் தந்தையின் உள்ளங்கையில் வைத்துக் காட்டிய பிறகே கூலியைச் சொன்னார். மூன்று உறுப்புகளின் விலையும் அரைநாள் உழைப்பின் கூலியும் சேர்ந்தும், அது புதிய திரையின் விலைக்கு அருகில்கூட வரவில்லை.

எறிவதற்கு முன்

ஒரு சிறு உறுப்பு கெட்டதற்காக ஒரு கருவி முழுவதையும் எறியும்போது, அதனுள்ளிருக்கும் செம்பும் கண்ணாடியும் நெகிழியும் குப்பையாகின்றன. ஈயம் போன்ற நச்சுப்பொருள்கள் மண்ணையும் நீரையும் கெடுக்கின்றன. இதனைத் தடுக்கவே இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நுகர்வோர் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளத்தையும் தொடங்கியது.

விதியும் உரிமையும் மட்டும் போதா. பொறுமையோடு அளந்து பார்க்கும் கைகளும் வேண்டும். அன்று மாலை, தந்தை திரையைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டார். மகள், அந்த உலர்ந்த சிறிய மின்தேக்கியை மட்டும் கேட்டு வாங்கித் தன் எழுதுகோல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.