செவிலியும் ஒப்பந்தப் பத்திரமும்

கல்வி கற்றோர் யாவரும் காகிதத்தை வாசிக்க வல்லவர் என்பது உலகத்தார் எண்ணம். ஆயின், நூலை வாசித்தல் வேறு. பத்திரத்தை வாசித்தல் வேறு. நூலாசிரியன் தன் கருத்தை நமக்கு விளக்கும் பொருட்டு எழுதுகின்றான். பத்திரம் எழுதுவோனோ, பிற்காலத்தில் வழக்கு நேரிடின் தனக்கு உதவும் பொருட்டு எழுதுகின்றான். இவ்வேற்றுமையை நமது கலாசாலைகள் கற்பிப்பதில்லை. அயல்நாட்டு உத்தியோகத்தை நாடிச் செல்லும் நம் செவிலியர்க்கு இவ்வறிவு எத்துணை அவசியம் என்பதை, நம் ஊரில் நிகழ்ந்த ஒரு விஷயத்தைக் கொண்டு ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நம் ஊர் கே.ஜி.கண்டிகை. திருத்தணியினின்று சோளிங்கருக்குச் செல்லும் சாலையில் உள்ளது. 365 படிகளேறி முருகனை வணங்கச் செல்வோரால் திருத்தணியின் பெயரை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். இவ்வட்டாரம் 1911-ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காட்டு ஜில்லாவிலும், பின்னர்ச் சித்தூர் ஜில்லாவிலும் இருந்து, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆதலின் ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் வழங்குதல் இங்கே வியப்பன்று. தறியும் உழவும் ஊரார் பலருக்குச் சீவனம். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவமனையில் 1909-இல் தொடங்கிய செவிலியர் பயிற்சி 1946-இல் பட்டப் படிப்பாக உயர்ந்தது. அதன் அண்மையில் வாழும் நம் பக்கத்துப் பெண்கள் இத்தொழிலை நெடுங்காலமாக மதித்து வருகின்றனர்.

நம் அண்டை வீட்டுத் தறிக்காரர் ஒருவரின் மூத்த மகள் செவிலிப் படிப்பில் தேறி, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்றாண்டு பணியாற்றினாள். அப்பால் துபாய் நகரில் வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்டு முன்வந்தார். தொகை 3,50,000 ரூபாய். அதில் 20,000 ரூபாயை முன்னரே பெற்றுக்கொண்டார். மிகுதிக்காகத் தாயின் நகைகளையும் இரண்டு தறிகளையும் ஈடு வைப்பதென்று முடிவாகியிருந்தது. அந்நிலையில்தான் தந்தையார் பத்திரத்தை நம்மிடம் கொணர்ந்து, "இங்கிலீஷில் இருக்கிறது அண்ணா, ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள், நாளைக்குள் ஒப்பம் வேண்டுமாம்" என்றார்.

அன்று மாலை அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். ஒவ்வொரு ஷரத்தையும் நாம் தமிழில் சொல்ல, மகள் அதனைத் தாய்க்குத் தெலுங்கில் சொல்வாள். இவ்வாறு வாசித்ததில் ஒரு நன்மை விளைந்தது. நேர்மையான ஷரத்து எதுவாயினும் வீட்டுமொழியில் எளிதாகச் சொல்ல இயன்றது. "சம்பளம் 5,000 திர்ஹம் வரை" என்ற இடத்தில் தடை உண்டாயிற்று. "வரை என்றால் எவ்வளவு?" என்று தாய் வினவினாள். பத்திரத்தில் விடையில்லை. "நிர்வாகம் அவ்வப்போது குறிக்கும் வேலை" என்ற இடத்திலும் அவ்வாறே. பிறர்க்கு விளங்கச் சொல்ல முடியாத ஷரத்து, எழுதியவனுக்கு மட்டுமே பயன்படும் ஷரத்து என்று அன்று தெளிந்தோம்.

வாசித்து முடித்தபின் தாய் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கே இவளுக்கு ஒத்துவராமற் போனால் எப்படித் திரும்பி வருவாள்?"

சம்பளம், தங்குமிடம், விமானச் சீட்டு ஆகியவற்றையே எல்லாரும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். தாயின் கேள்வியே பத்திரத்தின் உயிர்நிலையைத் தொட்டது. அதற்குப் பத்திரம் கூறிய விடை இது: மூன்றாண்டு முடியுமுன் எப்பொழுது விலகினாலும் 5,00,000 ரூபாய் கட்டவேண்டும், அதுவரை அஸல் சான்றிதழ்கள் ஏஜெண்டிடமே இருக்கும். நிர்வாகமோ, அவளை எப்பொழுது வேண்டுமாயினும் நீக்கலாம். போகும் வழி விரிவாகவும் மீளும் வழி ஒரே வரியாகவும் எழுதப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தின் நியாயத்தைச் சம்பளத் தொகையில் தேடுதல் வீண்; விலகும் ஷரத்திலேயே அது தெரியும். நாம் சொல்ல வந்ததும் இதுவே.

இக்கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. 1860-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தினின்று 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது. அதிலும் பின் சென்ற கப்பல்களிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், மாதம் 10 ஷில்லிங் தொடக்கச் சம்பளத்திற்குச் சென்ற கூலிகளில் வட ஆர்க்காட்டார் பலர். ஐந்தாண்டு முடியுமுன் எஜமானனை விட்டு விலகுதல் அவர்களுக்குக் குற்றமாகவே எண்ணப்பட்டது. குடிபெயர்வோரைக் காக்க அன்று ஏற்பட்ட அதிகாரியின் பதவிப் பெயர் இன்றும் வழக்கிலிருக்கின்றது. ஊரிலேயே நிற்பினும், முன்பணம் வாங்கியவன் அதைத் தீர்க்கும் வரை வேறிடம் போகலாகாது என்னும் வழக்கத்தை நம் ஜில்லாவின் செங்கற்சூளைகள் அறியும். அவ்வகை அடிமைத்தளையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. செவிலி படித்தவள், அவள் நிலை கூலியின் நிலையன்று. ஆயினும், விலக முடியாமற் செய்யும் கடன் எத்தொழிலில் இருப்பினும் ஒரே இயல்புடையது.

2014-ஆம் ஆண்டு இராக் நாட்டுத் திக்ரித் நகரில் யுத்தத்தினிடையே 46 இந்தியச் செவிலியர் அகப்பட்டு, ஜூலை மாதத்தில் கொச்சிக்கு மீண்டதை வாசகர் மறந்திரார். குண்டுகள் வீழ்ந்த நாட்களிலும் அவருட் சிலர் புறப்படத் தயங்கியதற்குக் காரணம், சம்பள பாக்கியும் ஊரிற் பட்ட கடனுமே என்று அக்காலப் பத்திரிகைகள் கூறின. 2015-இல் கொச்சியில் ஓர் ஏஜென்ஸியின்மேல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. குவைத் செல்லும் செவிலியரிடம் 19,500 ரூபாய் வாங்கவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 19,50,000 ரூபாய் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அவ்வாண்டிலேயே இந்திய அரசாங்கம், வளைகுடா முதலிய 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்க்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்றும், அரசாங்கச் சார்புடைய ஸ்தாபனங்கள் வழியாகவே அவர்களைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்றும் ஆணையிட்டது. நம் இராஜ்யத்தில் அத்தகையது 1978-இல் ஏற்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இன்று அனுமதி பெற்றவர் யார், எவருடைய அனுமதி தீர்ந்தது என்பவற்றை 'இ-மைக்ரேட்' என்னும் அரசாங்க இணையதளத்தில் எவரும் காணலாம். நாமும் கண்டோம். நம் ஏஜெண்டின் பெயர் அங்கே இல்லை.

மறுநாள் ஒப்பமிடவில்லை. அதற்கு மாறாக அப்பெண் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதினாள். நாம் உடனிருந்து சட்ட விவரங்களை எடுத்துக் கொடுத்தோம். கடிதத்தில் ஐந்து விஷயங்கள் இருந்தன.

முதலாவது, கட்டணம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் விதிகள்படி, அனுமதி பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாய், அதன்மேல் நூற்றுக்கு 18 வரி, ஆக 35,400. அதற்கும் ரசீது கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, சம்பளம். 'வரை' என்ற சொல்லை நீக்கி, அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, படிகள் இவ்வளவு என்று பிரித்தெழுத வேண்டும். இப்பிரிவினை வெறும் கணக்கன்று. அமீரகச் சட்டப்படி, பணி முடிவில் கிடைக்கும் தொகை முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமாகும். அடிப்படை 1,800 திர்ஹம் எனின் ஆண்டுக்கு 1,260 சேரும். 3,000 எனின் 2,100 சேரும். மொத்தச் சம்பளம் ஒன்றேயாயினும் முடிவு இவ்வாறு வேறுபடுகின்றது.

மூன்றாவது, சான்றிதழ். நகல் தரலாம், அஸல் தரலாகாது. கடவுச்சீட்டும் அத்தகையதே. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது மத்திய அரசாங்கத்தின் சொத்து. ஆதலின் அதனை ஈடாக வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை.

நான்காவது, முன்னறிவிப்பு. அமீரகத் தனியார் நிறுவனங்களுக்குரிய 2021-ஆம் ஆண்டுச் சட்டம், 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மிகாமலும் முன்னறிவிப்புக் கொடுத்து இரு தரத்தாரும் விலக இடம் தருகின்றது. பத்திரமும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, நஷ்டஈடு. உண்மையான செலவு எவ்வளவோ அவ்வளவே கேட்கலாம். அதுவும் உழைத்த மாதங்களுக்கேற்பக் குறைதல் வேண்டும். செலவு 3,60,000 ரூபாய், காலம் 36 மாதம் என்று கொண்டால், மாதந்தோறும் 10,000 தள்ளுபடியாக, 24 மாதம் உழைத்தவள் தரவேண்டியது 1,20,000 மட்டுமே. முதல் மாதத்தில் விலகினாலும் முப்பத்தைந்தாம் மாதத்தில் விலகினாலும் ஒரே தொகை என்பது செலவுக் கணக்காகாது, அது தண்டனை.

இவ்வைந்தாவது விஷயத்தில் உலகத்து நீதிமன்றங்களும் அரசாங்கங்களும் ஒரு நெறியை நோக்கி வருகின்றன. நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பத்திரத்திற் குறித்த தொகை எவ்வளவாயினும் நியாயமான நஷ்டஈட்டிற்கு மேல் கிடைக்காது என்கிறது. 2019-இல் நியூயார்க்கில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம், பிலிப்பைன் நாட்டுச் செவிலியர் விலகினால் 25,000 டாலர் கட்டவேண்டும் என்ற ஷரத்தைச் செல்லாத தண்டனை என்று தள்ளியது. இங்கிலாந்தில் செவிலியரைத் தருவிக்கும் ஏஜென்ஸிகள் அவர்களிடம் கட்டணம் வாங்கலாகாது என்பது நெறி. 2022-இல் திருத்தப்பெற்ற அந்நெறிமுறை, திருப்பிச் செலுத்தும் ஷரத்துக்கள் ஒளிவின்றியும் அளவாகவும் இருத்தல் வேண்டும் என்று கூறுகின்றது.

ஏஜெண்டு முதலில் சினந்தார். "இத்தனை பேர் ஒப்பமிட்ட பத்திரம்; ஓரெழுத்தையும் மாற்ற முடியாது" என்றார். ஒரு வாரம் சென்றபின் அவரே தொலைபேசியில் அழைத்து, அடிப்படைச் சம்பளத்தை 2,400 ஆக்குவதாகவும் சான்றிதழ் நகலே போதுமென்றும் சொன்னார். மாற்ற முடியாதென்ற எழுத்து மாறிற்று. ஒப்பமிடாத கைக்கு உள்ள வலிமை அதுவே. பணமும் காகிதமும் கைமாறிய பின்னர் அவ்வலிமை இல்லை. ஆயினும் ரசீதும் விலகும் ஷரத்தும் பற்றி அவர் வாயாற் சொன்ன உறுதிகளை எழுத்திற் கேட்டபோது மறுத்துவிட்டார். அவ்விரண்டும் இன்றி ஒப்பமிடேன் என்று அப்பெண் சொல்லிவிட்டாள்.

அம்முடிவு எளிதாக வாய்த்ததன்று. கொடுத்த 20,000 ரூபாய் திரும்பவில்லை. வந்த அதிர்ஷ்டத்தை உதறினாள் என்று உறவினர் ஏசினர். நம்மையும் சிலர் ஏசினர். தந்தையார் பல நாள் வாய் திறவாதிருந்தார். அவள் சென்னைப் பணியிலேயே தங்கி, அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்து, தேர்வெழுதி, எட்டு மாதம் காத்திருந்தாள். அப்பால் அமீரகத்திலேயே வேறொரு மருத்துவமனையில் இடம் கிடைத்தது. மொத்தச் சம்பளம் 4,600 திர்ஹம், முன்னையதினும் குறைவு. அடிப்படையோ 3,000. முன்னறிவிப்பு இரு தரத்தார்க்கும் 30 நாள். கட்டணம் சட்டம் அனுமதித்த அளவே. தறிகள் இரண்டும் ஈடு போகாமல் வீட்டிலேயே ஓடுகின்றன.

இப்பத்திரத்தையும் திண்ணையில் வாசித்தோம். தாய் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். "முப்பது நாள் முன்னே சொல்லிவிட்டு வந்துவிடலாம் அம்மா" என்று மகள் தெலுங்கில் விடை சொன்னாள். அவ்வளவிலே தாய் மனம் தெளிந்தாள். ஓராண்டாக அவள் அங்கே பணியாற்றி வருகின்றாள், விலக நினைக்கவில்லை. விலகக் கூடும் என்று நிர்வாகத்தார் அறிந்திருத்தலே, அவளை அவர்கள் நன்கு நடத்துதற்கு ஒரு காரணமென நாம் கருதுகின்றோம்.

இம்மலரை வாசிக்கும் மாணவ மாணவியர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் எவரேனும் ஒரு பெண் இத்தகைய பத்திரத்தோடு வருவாள். நாளைக்குள் ஒப்பம் வேண்டுமென்பாள். அவளுக்குப் புத்திமதி கூறுதலினும், உடனமர்ந்து ஒவ்வொரு ஷரத்தையும் அவள் வீட்டார் பேசும் மொழியில் உரக்க வாசியுங்கள். ஏஜெண்டின் பெயர் அரசாங்கப் பட்டியலில் உளதா என்று பாருங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். வாய்ச்சொல்லை எழுத்தாக்கக் கேளுங்கள். யாவற்றினும் முதலாக, மீண்டு வரும் வழி எங்கே எழுதியிருக்கின்றது என்று தேடுங்கள். கல்வியால் ஊருக்கு ஆகும் பயன்களுள் இதுவும் ஒன்று.