கொசுறாக வந்த பாட்டு

1969 ஜூலையில் நிலாவில் மனிதன் கால் வைத்த அன்று அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த பாட்டு எது தெரியுமா, கண்ணு? பீட்டில்ஸ் பாட்டு இல்லை, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டும் இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரத்துக்காரர்கள் இரண்டு பேர், டென்னி சேகர், ரிக் எவன்ஸ், பாடிய ‘இன் த இயர் 2525’. எவன்ஸ் அதை எழுதியது 1964இல். சில வருஷம் சும்மா கிடந்தது. டெக்சாஸில் ஒடெஸா என்ற ஊரில் பதிவு செய்து சின்னதாக வெளியிட்டார்கள். பிறகு ஆர்.சி.ஏ. கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆறு வாரம் முதலிடம். பிரிட்டனிலும் போய் முதலிடம். அதற்கப்புறம் அமெரிக்காவின் முதல் நூறிலோ பிரிட்டன் பட்டியலிலோ அவர்கள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அடுத்து விட்ட ‘மிஸ்டர் டர்ன்கீ’யை யாரும் சீண்டவில்லை.

மனித குலம் ஆயிரம் ஆயிரம் வருஷமாக இயந்திரத்துக்கு அடிமையாகிக்கொண்டே போவதைச் சொல்கிற பாட்டு அது. ராக்கெட் நிலாவில் இறங்குகிற வாரத்தில் ஊரே அதைக் கேட்டது. எனக்கு அது கொஞ்சம் ஒப்பாரியாகத்தான் படும். ஆனால் ‘ஒரே ஹிட்டோடு ஓய்ந்தவர்கள்’ என்று அவர்களைக் கேலியாக எழுதுவார்களே, அது எனக்குப் பிடிக்காது. ஒரு நாள்கூட அந்த இடத்தில் நிற்காதவர்கள்தானே உலகத்தில் முக்கால்வாசிப் பேர். சேகர் பிறகு கிட்டார் சொல்லிக்கொடுத்தார். விரல் நோகாமல் வாசிக்கிற மாதிரி கிட்டார் செய்து விற்கிற தொழிலைச் சொந்த ஊரிலேயே தொடங்கினார். அது நன்றாக ஓடியது. இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது?

உன் விஷயத்துக்கு வருகிறேன். மாசக்கணக்கில் மெனக்கெட்டுச் செய்த பாட்டை யாரும் கேட்கவில்லை, மொட்டை மாடியில் விளையாட்டாகப் பாடிப் போட்டது பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, அந்தப் பாட்டை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது, பெயரை எடுத்துவிடப் போகிறேன் என்கிறாயாம். உன் அம்மா சொன்னாள். எடுப்பதற்கு முன்னால் கேரி டிகார்லோ கதையைக் கேட்டுக்கொள்.

அந்தக் காலத்துச் சின்ன ரிக்கார்டில் இரண்டு பக்கம் உண்டு. ஏ பக்கத்தில் ஓட வேண்டிய பாட்டு. பி பக்கம், காய்கறிக்காரர் போடுகிற கொசுறுக் கறிவேப்பிலை மாதிரி, ஏதோ ஒன்று. 1969இல் மெர்க்குரி கம்பெனிக்காக டிகார்லோ நாலு பாட்டுப் பாடினார். நாலுமே ஏ பக்கத்துக்குத் தகுதியானவை என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். அப்படியானால் பி பக்கத்துக்கு மட்டமாக ஒரு பாட்டு வேண்டுமே? டிகார்லோ, தயாரிப்பாளர் பால் லேகா, அவர்கள் கூட்டாளி டேல் ஃப்ராஷூர் மூன்று பேரும் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் இளவட்டங்களாக இருந்தபோது சேர்ந்து எழுதிய பழைய பாட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். டிரம்ஸுக்கு ஆள்கூடக் கூப்பிடவில்லை, வேறு பாட்டுக்குப் பதிவான டிரம்ஸை எடுத்து ஒட்டினார்கள். ரேடியோக்காரர்கள் தப்பித்தவறி இந்தப் பக்கத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக நீளத்தை இழுத்தார்கள். இழுப்பதற்கு வார்த்தை இல்லை. ‘நா நா’ என்று ஒரு கோரஸைப் போட்டு ரொப்பினார்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு அதுவும் பிடித்துவிட்டது. தனி ரிக்கார்டாகவே போடலாம் என்றார்கள். இதில் தங்கள் பெயர் வருவதா என்று இவர்களுக்குக் கூச்சம். ‘ஸ்டீம்’ என்று இல்லாத ஒரு குழுவின் பெயரைப் போட்டு வெளியிட்டார்கள். அந்த ‘நா நா ஹே ஹே கிஸ் ஹிம் குட்பை’ டிசம்பரில் அமெரிக்காவின் முதல் பாட்டு. டிகார்லோ ஆசை ஆசையாகப் பாடிய பாட்டுகள் வேறு புனைபெயரில் வந்து ஒன்றும் எடுபடவில்லை. ஸ்டீம் என்ற பெயரில் மேடையேற வேறு பையன்களைத் திரட்டி அனுப்பினார்கள். பாட்டு ஒருத்தர் தொண்டையில், கைதட்டல் இன்னொருத்தருக்கு. 1977இல் சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் மைதானத்தில் ஆர்கன் வாசிக்கிற நான்சி ஃபாஸ்ட் அதை எடுத்து வாசிக்க, எதிரணிக்காரனை வழியனுப்பக் கூட்டமே பாடியது. இன்றைக்கும் விளையாட்டு மைதானங்களில் பாடுகிறார்கள். பாடியவர் யார் என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? டிகார்லோ 2017இல் காலமானார்.

நார்மன் கிரீன்பாமுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவர் யூதர். போர்ட்டர் வாகனர் என்ற கன்ட்ரி இசைப் பாடகர் டிவியில் கிறிஸ்தவப் பக்திப் பாட்டுப் பாடுவதைப் பார்த்து, நாமும் ஒன்று எழுதலாமே என்று உட்கார்ந்தார். வரிகளுக்குப் பதினைந்து நிமிஷம்தான் ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதுதான் ‘ஸ்பிரிட் இன் த ஸ்கை’. 1969 கடைசியில் வந்து, மறு வருஷம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1986இல் ஒரு குழு, 2003இல் ஒரு பாடகர் திரும்பப் பாட, இரண்டு தடவையும் மறுபடி அங்கே முதலிடம். யார் பாடினாலும் எழுதியவர் கிரீன்பாம், எழுதியவருக்கான பங்கு அவருக்குத்தான்.

இந்த இடத்தைக் கவனித்துப் படி. அமெரிக்காவில் சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் காசு போகும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கிடையாது. எத்தனையோ பேர் வயசான பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

வின்ஸ்டன்ஸ் என்று வாஷிங்டனில் ஒரு குழு. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தது, அந்த நாளில் அது சுலபமில்லை. 1969இல் அவர்களுடைய ‘கலர் ஹிம் ஃபாதர்’ ஏழாவது இடம்வரை போனது. போரில் அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பையன், அம்மாவை மணந்துகொண்டு வீட்டைத் தாங்குகிற புது அப்பாவைப் பற்றிச் சொல்கிற பாட்டு. எழுதிய ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் கிராமி விருது கிடைத்தது. மறு வருஷமே குழு கலைந்தது.

அந்த ரிக்கார்டின் பி பக்கம்தான் ‘ஆமென், பிரதர்’. பழைய தேவாலயப் பாட்டு ஒன்றை வைத்து வாத்தியத்திலேயே வாசித்தது. நீளம் போதவில்லை. நடுவில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, டிரம்ஸ்காரர் கிரெகரி கோல்மன் தனியாக நாலு ஆவர்த்தம் வாசித்தார். ஏழு விநாடிகூட இருக்காது. பதினாறு பதினேழு வருஷம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1986இல் ஒரு தொகுப்பு ரிக்கார்டில் இது சேர்ந்தது. ஒலித்துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டும் சாம்பிளர் கருவியும் அப்போது கைக்கு வந்திருந்தது. ராப் பாடுகிறவர்கள் எடுத்தார்கள். இங்கிலாந்துப் பையன்கள் அதை வேகமாக்கி, துண்டு துண்டாக மாற்றிக் கோர்த்தார்கள். தொண்ணூறுகளில் அங்கே பிறந்த ஜங்கிள், டிரம் அண்ட் பாஸ் என்ற இசை வகைகளுக்கு அதுதான் முதுகெலும்பு. என்.டபிள்யூ.ஏ., டேவிட் போவி, ஒயாசிஸ் என்று ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்தத் துண்டு இருக்கிறது. உன் போனிலும் நிச்சயம் இருக்கும், தேடிப் பார்.

கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில், வீடுவாசல் இல்லாமல் இறந்தார். ஸ்பென்சருக்கே விஷயம் தெரிந்தது 1996இல், மூல டேப்பை விலைக்குக் கேட்டு இங்கிலாந்திலிருந்து போன் வந்தபோது. அதற்குள் வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டது. அவர் அப்போது இசையை விட்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதும் உண்டு. 2015இல் பிரிட்டிஷ் டிஜே ஒருவர் இணையத்தில் உண்டியல் குலுக்க, 24,000 பவுண்டு சேர்ந்தது. அதை வாங்கிக்கொள்ள ஸ்பென்சர் இருந்தார், கோல்மன் இல்லை.

அதனால் பெயரை எடுக்காதே. நீ ஒதுக்கிவைத்ததை எந்த வருஷம், எந்த நாட்டில், யார் எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதியது யார், மெட்டு யாருடையது என்று தேதி போட்டு இன்றைக்கே எழுதிவை. கம்பெனிக்காரர்கள் தாளை நீட்டினால், அது ஒரு வருஷத்துக்கா ஆயுளுக்கா என்று பார்த்துக் கையெழுத்துப் போடு.

இன்னொன்று. மொட்டை மாடிப் பாட்டை நானும் கேட்டேன். பாதியில் நீ நிறுத்திக்கொள்ள, ஒரு பையன் கஹோன் பெட்டியில் தட்டுகிறானே, அந்த இடத்தைத்தான் எல்லோரும் எடுத்துப் போட்டு ஆடுகிறார்கள். கீழே அவன் பெயரைத் தேடினேன், காணோம். அவனுக்கு என்ன கொடுத்தாய்?